தூக்குவிசைக்கு விளக்கம் கிடைத்த வரலாறு: 1799 முதல் 1919 வரை

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு வெள்ளி வட்டு இருக்கிறது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி 1799-இல் பொறித்தது. அதன் ஒரு முகத்தில் அசையாச் சிறகும் வாலும் கொண்ட பறக்கும் பொறியின் படம். மறுமுகத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு கோடு; அதன்மீது மோதும் காற்றின் விசை இரண்டு கூறுகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. மேல்நோக்கிய கூறு எடையைத் தாங்கும் தூக்குவிசை, பின்னோக்கியது இழுவிசை. அதுவரை பறக்க முயன்றவர்கள் பறவையைப் பார்த்து, தாங்குவதும் முன்னே தள்ளுவதும் ஒரே சிறகடிப்பின் வேலை என்றே நம்பினார்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர் கேலி. தாங்குவது சிறகின் வேலை, தள்ளுவதற்கு வேறொன்று வேண்டும் என்ற பிரிப்பு அந்த வட்டிலேயே இருக்கிறது.

ஆனால் சிறகு எவ்வளவு தாங்கும்? இந்தக் கேள்விக்கு அளவு முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. இரண்டுக்கும் நடுவில் விமானமே பறந்துவிட்டது. இக்கட்டுரை அந்த வரிசையைத் தொடர்கிறது.

தொடக்கத்தில் வழியை மறித்தது நியூட்டனின் பெயரில் நிலவிய ஒரு விதி. 1687-இல் வெளியான பிரின்சிப்பியாவில், ஒன்றையொன்று தொடாத துகள்களாலான ஊடகம் ஒரு பொருளின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று அவர் ஆராய்ந்தார். சிறகைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பின்வந்தவர்கள் அதிலிருந்து, சாய்ந்த தட்டின் மேல் விழும் விசை கோணத்தின் சைன் மதிப்பின் இருமடிக்கு ஏற்ப இருக்கும் என்று வருவித்தார்கள். 3 பாகைச் சாய்வில் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.052, அதன் இருமடி 0.003-ஐக்கூட எட்டாது. இந்தக் கணக்கை நம்பினால் ஆளைத் தூக்கும் சிறகு கட்டவே முடியாது.

காற்று அப்படி நடந்துகொள்ளவில்லை. 1871-இல் ஃபிரான்சிஸ் வென்ஹாம் கிரீனிச்சில் உலகின் முதல் காற்றுச் சுரங்கத்தை அமைத்துச் சோதித்தபோது, சிறு கோணங்களில் தட்டு பெறும் தூக்குவிசை அந்த விதி சொன்னதைவிட மிக அதிகமாக இருந்தது. அகலம் குறைந்து நீண்ட சிறகே சிறந்தது என்பதையும் அவர் கண்டார். அது ஏன் என்று அவரால் சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்விக்கு இக்கட்டுரையின் முடிவில் திரும்பி வருவோம்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் சுழலும் கரம் ஒன்றில் சிறகு மாதிரிகளைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் அளந்தார். தட்டையான சிறகைவிட மேல்நோக்கி மெல்ல வளைந்த சிறகு கூடுதல் தூக்குவிசை தரும் என்று 1889-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிறகு ஏறத்தாழ 2,000 முறை தானே சறுக்கிப் பறந்தார். 1896 ஆகஸ்டில் கீழே விழுந்து, மறுநாள் பெர்லினில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தூக்குவிசை அட்டவணைதான் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் கைக்கு வந்தது.

அந்த அட்டவணையை வைத்து அவர்கள் கட்டிய 1901-ஆம் ஆண்டுச் சறுக்கு விமானம், கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கு அளவே தந்தது. தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று வில்பர் மனமுடைந்து பேசியது அதைப் பறக்கவிட்டு ஊர் திரும்பும் வழியில்தான். பிழை எங்கே? தூக்குவிசைச் சூத்திரத்தில் காற்றழுத்தத்துக்கான ஒரு கெழு உண்டு. கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், காற்றாலைகளைப் பற்றி 1759-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது: 0.005. மணிக்கு 20 மைல் வேகக் காற்று ஒரு சதுர அடித் தட்டை 2 பவுண்டு விசையோடு தள்ளும் என்பது அதன் பொருள். நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எண் நூலுக்கு நூல் கைமாறி வந்துகொண்டிருந்தது.

1901 இலையுதிர்காலத்தில் சகோதரர்கள் 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் கொண்ட மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாகச் செய்து, கடையின் எந்திரத் தண்டிலிருந்து விசிறியை ஓட்டினார்கள். உள்ளே நின்ற தராசு இரும்பறுக்கும் ரம்பத்தகடும் மிதிவண்டிக் கம்பியும் வளைத்துச் செய்தது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் மிக நுட்பமான கருவி இதுதான். மேல் கரத்தில் தகரத்தை அடித்து வளைத்த சிறுசிறகு. கீழ்க்கரத்தில் காற்றுக்கு நேர் எதிராக நிற்கும் தட்டைப் பட்டைகள். இரண்டும் ஒரே காற்றில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். முள் காட்டுவது இரண்டு விசைகளின் விகிதத்தை. விசிறியின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. ஸ்மீட்டனின் எண்ணும் வேண்டியதில்லை. அளவெடுக்கும்போது அறையில் யாரும் நடமாடக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள்; ஆள் நகர்ந்தாலே காற்றோட்டம் மாறியது.

சுமார் 200 சிறகு வடிவங்களை இப்படிச் சோதித்தார்கள். லிலியந்தாலின் அட்டவணை அவருடைய சிறகு வடிவத்துக்குப் பெரும்பாலும் சரியென்று தெரிந்தது. சறுக்கு விமானத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, பழைய கெழு 0.005 அல்ல, ஏறத்தாழ 0.0033 என்று வந்தது. அதே 20 மைல் காற்றின் விசை 1.3 பவுண்டுதான். 22 அடி நீளமும் 7 அடி அகலமுமாக இருந்த சிறகு, 1902-இல் 32 அடிக்கு 5 அடியாக நீண்டு ஒடுங்கியது. 1903 டிசம்பர் 17 அன்று எந்திரம் பூட்டிய விமானம் 12 வினாடி பறந்தது; அன்றைய கடைசிப் பறத்தல் 59 வினாடி, 852 அடி.

தூக்குவிசை ஏன் பிறக்கிறது என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விடை அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மன் இதழ் ஒன்றில் அரைகுறையாக வந்திருந்தது. எண்வழிக் கணிதத்தில் இன்றும் பெயர் வழங்கும் மார்ட்டின் குட்டா, வளைந்த தகடு கோணமே இல்லாமலும் தூக்குவிசை பெறுகிறது என்ற லிலியந்தாலின் கண்டுபிடிப்பைக் கணக்கிட்டுக் காட்டினார். 1906-இல் ரஷ்யாவின் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி அதைப் பொதுவிதியாக்கினார்: காற்றின் அடர்த்தி, வேகம், சிறகைச் சுற்றிய சுழலோட்டம் மூன்றையும் பெருக்கினால் ஓரலகு நீளச் சிறகின் தூக்குவிசை கிடைக்கும்.

அந்தச் சுழலோட்டம் எங்கிருந்து வருகிறது? அண்டா நிறைய நீர் எடுத்து மிளகுத்தூளைத் தூவுங்கள். தோசைத் திருப்பியைச் செங்குத்தாக அமிழ்த்தி, சற்றே சாய்த்து, வெடுக்கென்று நகர்த்துங்கள். கிளம்பிய இடத்தில் பின்விளிம்பிலிருந்து ஒரு சிறு சுழல் கழன்று நின்று சுற்றும். அதற்கு ஈடாக எதிர்த்திசைச் சுழற்சி ஒன்று தகட்டைச் சுற்றி ஏற்படுகிறது. பாகுத்தன்மை இல்லாத நீரில் இது நடக்காது. 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் இதற்கான திறவுகோலைத் தந்தார்: பாய்மத்தின் பாகுத்தன்மை பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்துக்குள்தான் பெரிதாக வேலை செய்கிறது.

சிறகின் மேற்புறம் செல்லும் காற்று, நீண்ட பாதையைக் கடந்து கீழ்க்காற்றைப் பின்விளிம்பில் சந்திக்க வேண்டியிருப்பதால் விரைகிறது என்று இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அது தவறு. அப்படிச் சந்திக்க எந்தக் கட்டாயமும் இல்லை. உண்மையில் மேற்காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசையே விமானத்தைத் தாங்குகிறது. மேலே குறைந்தும் கீழே கூடியும் நிற்கும் அழுத்தம் அந்த விசை சிறகை வந்தடையும் வழி.

இனி வென்ஹாமின் கேள்வி. அழுத்தம் கூடிய கீழ்க்காற்று, சிறகின் நுனியைச் சுற்றி மேலே ஏறப் பார்க்கிறது. அதனால் இரு நுனிகளிலும் கயிறு முறுக்கியதுபோல் இரண்டு சுழல்கள் பின்னே நீள்கின்றன. இதை முதலில் மனக்கண்ணில் கண்டவர் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். 1897-இல் அவருடைய கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. 1907-இல் நூலாக வந்தபோதும் அவர் நடையைப் பின்தொடர்வது பலருக்குக் கடினமாக இருந்தது. அவருக்குரிய மதிப்பு காலம் தாழ்ந்தே கிடைத்தது என்பது என் எண்ணம். கோட்டிங்கனில் பிராண்டில் இந்தச் சுழல்களைக் கணிதத்துக்குள் கொண்டுவந்து 1918–19-இல் வெளியிட்டார். சுழல்களைப் பின்னே விட்டுச் செல்லும் செலவு விமானத்துக்கு இழுவிசையாக விழுகிறது. வேகமும் தூக்குவிசையும் மாறாதபோது சிறகின் நீளத்தை இரட்டித்தால் அந்த இழுவிசை கால் பங்காகக் குறையும். வென்ஹாம் கண்டதும், ரைட் சகோதரர்கள் தகரச் சிறகில் அளந்ததும் இதைத்தான்.

பெரிய விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய பிறகும் அந்தச் சுழல்கள் காற்றில் அடங்காமல் இருக்கும். அவை கலையட்டும் என்றுதான், பின்னால் நிற்கும் சிறு விமானத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சில நிமிடம் நிறுத்தி வைக்கிறது.