கண்டமும் துண்டமும்

மண்புழுவின் உடல் அடுத்தடுத்த பகுதிகளால் ஆயது. அப்பகுதியைத் தமிழகப் பாடநூல்கள் ‘கண்டம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘துண்டம்’ என்றும் வழங்குகின்றன.

உடலுறுப்புக்களுக்குத் தமிழ்ப்பெயர் அமைக்கும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். 1872 இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவர்தம் நூல்களுள் ஒன்று. முதலில் தமிழ்ச்சொல்லை நாடுதல், அஃது இல்வழி வடசொல்லைக் கொள்ளுதல், இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுதல் என்பதே அவர் கொண்ட முறை.

கண்டம், துண்டம் என்னும் இரண்டும் உலகவழக்கில் வெட்டுண்ட கூற்றையே உணர்த்துவன. உயிரியல் கருதும் பகுதியோ வெட்டுண்டதன்று. தசையும் நரம்புத்திரளும் பகுதிதோறும் மீண்டும் மீண்டும் அமைய, உணவுக்கால்வாய் அனைத்தையும் ஊடுருவிச் செல்கின்றது. ஆதலின் உடல் ஒன்றே. ‘வளையம்’ என்பதும் பொருந்தாது. அட்டையின் உடற்பகுதிகள் 33. புறத்தே தோன்றும் வளையங்களோ அவற்றினும் மிகப் பல.

எனவே, கலைச்சொல்லின் பொருளை அகராதி மட்டும் தந்துவிடாது. வரையறையும் வழுவாத வழக்குமே தரும். இரு கரையினரும் ஒரு சொல்லிற் கூடும்வரை, இரு சொல்லையும் மாணவர் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல், ஒரு கரையில் எழுதிய தமிழ்நூல் மறுகரை மாணவனுக்கு அயன்மொழி நூலாகிவிடும்.