அபூர்வ நோயும் தோட்டத்துப் பெண்ணும்

ஒரு நோய் தனக்கெனப் பெயர் பெறுவதும் ஒரு வரலாறே. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை பல ஆண்டுகள் மெல்ல முதிர்பவை. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகக் காணப்படும் சிற்றணுப் புற்றுநோயோ, முளைத்த சிறிது காலத்திலேயே இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும் கொடுமையுடையது. நெடுங்காலம் இது ஏனையவற்றோடு ஒன்றாகவே எண்ணப்பட்டது. 1972ஆம் ஆண்டில் மெக்ஸிகோ நாட்டு மருத்துவ அறிஞர் அல்போரஸ் சாவேத்ராவும் அவருடைய துணைவர்களும் இவ்வினத்துக் கட்டிகளைத் தனியே பிரித்து விவரித்தனர். 1997இல்தான் இவற்றுக்குச் சீரான பெயர்கள் வகுக்கப்பட்டன.

1898இல் வியன்னா நகரில் வெர்தைம் தொடங்கிய பேரறுவையும், அதே ஆண்டில் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியமும் பொதுவகை நோயாளர் பலருக்கு வாழ்வு தந்தன. ஆனால், பரவிவிட்ட நோயைக் கத்தியும் கதிரும் எட்டிப் பிடிக்க இயலுமா? எனவே, நுரையீரல் சிற்றணுப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு ஆகிய மருந்துகளை இதற்கும் கையாண்டனர். அவ்வாறு செய்தும், ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. நோய் கருப்பைக் கழுத்தளவில் நிற்கும்போதே சிகிச்சை பெற்றோர் நிலை இதனினும் மேலானது. ஈரலையும் எலும்பையும் அது தொட்டபின் தப்புவோர் மிகச் சிலர். ஆகவே இந்நோயில் மருந்தைப்போலவே காலமும் உயிரைத் தீர்மானிக்கிறது.

அந்தக் காலம் யாருக்குச் சொந்தம்? லிந்துலைப் பகுதியில் ஆசிரியனாக இருக்கும் எனக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. மலையில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். காலந்தவறிய உதிரப்போக்கை வாய்விட்டுச் சொல்ல லயத்து அறையில் தனிமையில்லை; வெட்கமோ மிகுதி. நோயின் வேகம் ஒருபுறம், வறுமை விதிக்கும் தாமதம் மறுபுறம். இரண்டுக்கும் இடையில் அவள் நிற்கிறாள்.

ஏழைப் பெண்ணுக்கு இதிலிருந்து வழியே இல்லையா? நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய மதுரைச் சீமையின் ஒரு பகுதியான திண்டுக்கல் மாவட்டம் ஒரு விடை தருகிறது. அங்கே 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் அசெற்றிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைக் கிராமங்களில் நடத்தினர். இந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் முடிவு வெளியாயிற்று. நம் நாட்டிலும் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் உள்ளன. அவற்றில் 35 வயதுப் பெண்களுக்குப் பாப் பரிசோதனை செய்யப்படுகிறது.

எனினும் இச்சோதனைகள் மெல்ல முதிரும் நோயைப் பிடிக்க வல்லவை. விரைந்தோடும் சிற்றணு நோய் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு. அதற்கு முந்திக்கொள்ளும் வழியை வேறோர் ஆராய்ச்சி திறந்தது. 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனின் குழுவினர் கருப்பைக் கழுத்துப் புற்றில் பப்பிலோமா வைரசின் 16, 18 ஆம் வகைகளைக் கண்டனர். அபூர்வமான சிற்றணு நோயிலும் பெரும்பாலும் இவையே, சிறப்பாக 18ஆம் வகை, காணப்படுகின்றன. இவ்விரண்டையும் தடுக்கும் ஊசி 2017இல் இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்தது. ஆறாம் தரத்து மாணவியருக்கு அது இலவசமாகப் போடப்படலாயிற்று.

ஆசிரிய நண்பர்களே, இந்த வரலாறு நம் வகுப்பறை வாயிலில் வந்து நிற்கிறது. ஊசி போடும் நாளில் வராத சிறுமி யார், ஐந்தாம் தரத்தோடு படிப்பை நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்டவள் யார் என்று வரவுப் பதிவேட்டைப் பார்த்து அறிந்து, அவள் லயத்துக்கு நடந்துபோய்த் தாயிடம் பேச வேண்டியவர் நாமே. அந்தத் தாயிடம், காலந்தவறிய உதிரப்போக்கு வெட்கத்திற்குரியதன்று, அன்றே மருத்துவரிடம் சொல்லத்தக்கது என்பதையும் கூறி வருவோம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்குப் பேர் கேட்பது தொழிற்சங்கத்தின் கடமை; அதைக் கேட்கத் தூண்டுவது படித்தவர் கடமை.