புல்வெட்டும் வாகனம்: நாள்காட்டியை அல்ல, மணிக்கணக்கைப் பார்த்துப் பராமரியுங்கள்

பள்ளித் திடல், ஆலய வளாகம், வீடமைப்புப் பகுதியின் மைதானம், தொழிற்சாலையின் முன்புறம் என போர்ட் கிள்ளானில் புல் வெட்ட வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. சிறிய இடத்திற்குத் தோளில் மாட்டும் இயந்திரம் போதும். ஏக்கர் கணக்கில் வெட்டுவதென்றால், ஓட்டுநர் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வாகனம்தான் கைகொடுக்கும். புதிதாக வாங்க ஆயிரக்கணக்கான ரிங்கிட் வேண்டும். ஆகவே, இருப்பதை ஒழுங்காகப் பராமரிப்பதே சிறு குத்தகையாளருக்கும் ஆலய நிர்வாகத்திற்கும் இலாபம்.

புல்வெட்டும் இயந்திரம் பிறந்தது இங்கிலாந்தில். எட்வின் பியர்ட் பட்டிங் 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளிர்நாடுகளில் உருவான பொருள் என்பதால், அதன் கையேடுகளும் அந்த நாட்டுப் பருவத்தையே பேசுகின்றன. ‘பருவத் தொடக்கத்தில் எண்ணெய் மாற்றவும்’, ‘குளிர்காலத்திற்கு முன் பிளேடு தீட்டவும்’ என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும்.

நமக்கு ஏது குளிர்காலம்? இங்கு ஆண்டு முழுவதும் புல் வளர்கிறது. ஏப்ரல் வாக்கிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடும்போது இன்னும் வேகமாக வளர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும் என்று நினைத்தால் இயந்திரம் சீக்கிரமே படுத்துவிடும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதே இங்கு கணக்கு. வாகனத்தில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் இல்லையென்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம்.

கை வைக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்துவிட வேண்டும். பிளேடு முழுமையாக நிற்கும் வரை காத்திருந்து, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பிளேடைக் கையால் திருப்பும்போது சில இயந்திரங்களில் எஞ்சினும் சுழலக்கூடும். வயர் இணைந்திருந்தால் அது உயிர் பெற்றுவிடவும் கூடும். வண்டியைத் தூக்கினால், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக்கூடாது. தாங்குகால் வைத்த பிறகே வேலை.

எண்ணெய்

புதிய எஞ்சினில் முதல் 5 முதல் 8 மணி நேர ஓட்டத்திற்குப் பின் எண்ணெய் மாற்றச் சொல்வது வழக்கம். அதன் பின் பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50 முதல் 100 மணிக்கு ஒருமுறை. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஐந்து மணி ஓடும் வாகனத்திற்கு 100 மணி என்பது ஐந்தே வாரம்! எந்த எண்ணெய் என்பதற்குக் கையேட்டில் வெப்பநிலை அட்டவணை இருக்கும். காற்றால் குளிரும் எஞ்சின் பலவற்றிற்கு நம் வெயிலில் எஸ்.ஏ.இ. 30 ஏற்றது. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு, வெண்புகை கக்கும்.

காற்று வடிகட்டியும் பிளக்கும்

வடிகட்டியின் மேலுள்ள நுரைப்பஞ்சை ஏறத்தாழ 25 மணிக்கு ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டலாம். உள்ளே இருக்கும் காகித வடிகட்டியைக் கழுவக்கூடாது. அழுக்கு ஏறினால் மாற்ற வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக்கை 100 மணிக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் அதன் இடைவெளி 0.76 மில்லிமீட்டர்.

பிளேடும் டெக்கும்

நம் ஊர் வாகனத்திற்கு முதல் எதிரி ஈரப்புல். பிளேடுகளை மூடியிருக்கும் ‘டெக்’ எனும் இரும்புக் கூட்டின் அடியில் அது அப்பிக்கொண்டு காய்கிறது. அதனால் காற்றோட்டம் குறைந்து, வெட்டிய புல் வெளியேறாமல் அடைக்கிறது. அடியில் ஈரம் தங்கி இரும்பும் துருப்பிடிக்கிறது. கடற்காற்று வீசும் இடத்தில் துரு இன்னும் வேகமாகப் பரவும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மரத்துண்டால் சுரண்டி எடுப்பது நல்லது.

வெட்டிய புல்லின் நுனி கிழிந்து பழுப்பாகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். தீட்டும்போது பழைய சாய்வு மாறக்கூடாது. தீட்டிய பின் நடுத்துளையில் ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு வண்டியை அதிரவைத்து பேரிங்கைக் கெடுக்கும். வளைந்த, விரிசல் விட்ட பிளேடைத் தட்டி நிமிர்த்தாமல் புதிதாக மாற்ற வேண்டும்.

கோளாறும் காரணமும்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தால் முதலில் பேட்டரி முனைகளையும், பிறகு சொலினாய்டையும் பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையா? ஒரு மாதத்திற்கு மேல் தேங்கிய பெட்ரோல், அடைத்த கார்புரேட்டர், கெட்ட பிளக் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

சற்று ஓடிவிட்டு நின்றால் பெட்ரோல் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் சீராக ஓடினால் காரணம் அதுவே.

புல் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வந்தால், டெக்கை முறுக்குவதற்கு முன் நான்கு டயர்களின் காற்றையும் அளக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்தால்

2021 டிசம்பர் வெள்ளம் ஷா ஆலாம், கிள்ளான் மக்களுக்கு மறக்காது. கரையோரப் பகுதிகளில் கடல் பெருக்கும் அவ்வப்போது ஏறுகிறது. நீரில் மூழ்கிய வாகனத்தைச் ‘சும்மா ஒருமுறை’ ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. சிலிண்டரில் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, உப்புநீர் பட்ட இடங்களை நல்ல நீரால் கழுவ வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுழற்றினால் நீர் வெளியேறும். எண்ணெய், பெட்ரோல் இரண்டையும் முழுமையாக வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். சிறிது நேரம் ஓட்டியபின் எண்ணெயை மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் இன்னும் நீர் இருக்கிறது.

சுவிட்சைத் துண்டிக்காதீர்கள்

இருக்கைக்கு அடியில் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. பிளேடு ஓடும்போது ஓட்டுநர் எழுந்தால் அது எஞ்சினை நிறுத்திவிடும். அது பழுதானால் வண்டி பாதியில் நின்று தொல்லை தரும். உடனே வயரை ஒட்டிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. அது பழுதுபார்ப்பே அல்ல. சரிவில் வழுக்கி விழும் ஓட்டுநரின் காலைக் காப்பது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான். பல கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் வெட்டவே கூடாது என்கின்றன. அதாவது, 4 மீட்டர் தூரத்திற்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயரம்.

திருத்தப்பட்ட 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருந்தும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள அது உரிமை தருகிறது. புல் வெட்டும் தொழிலாளர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது கடலுக்குத்தான் போகும். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பயன்படுத்திய எண்ணெயும், பழைய ஈய பேட்டரியும் அட்டவணையிடப்பட்ட கழிவுகள். மூடியுள்ள கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் அல்லது அவரிடம் ஒப்படைக்கும் பட்டறையிடம் கொடுக்க வேண்டும்.

ஆலயத்திலும் பள்ளியிலும் ஒரே வண்டியைப் பலர் ஓட்டுவார்கள். கோத்தோங் ரோயோங் நாளில் யாரோ எடுப்பார், யாரோ நிறுத்துவார். ஆகவே தேதி, ஓடிய மணி, மாற்றிய பொருள், கண்ட கோளாறு என நான்கு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்து அமர்பவர் அதைப் படித்துவிட்டுச் சாவியைத் திருப்பட்டும்.