டாடாநகர்க் கவச வண்டி: ஒரு சிற்றுருவின் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். நாமோ இரயில்வேயில் எழுத்தர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். வரலாறு எழுதும் புலமை நமக்கு ஏது? ஆயினும், சென்ற நவராத்திரியில் நம் இல்லத்துக் கொலுவைக் காண வந்த காலனிக் குடும்பத்தினர் பலர், படிகளின் கீழே அமைத்திருந்த இரயில் நிலையத்தின் அருகில் நின்ற அட்டை வண்டியைச் சுட்டி, "இது என்ன லாரி?" என வினவினர். சுண்டல் வழங்கும் நேரத்தில் விடை சொல்லி முடியாத வினா அது. அவ்விடையே இக்கட்டுரை.

அது லாரி அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசின் கீழ் இந்தியாவில் உருவான கவச வண்டியின் சிற்றுரு. கொலு வைக்கும் நமக்குச் சிற்றுருக்கள் புதியன அல்ல. ஆனால் கொலுவில் செட்டியார் பொம்மை கோயிற் கோபுரத்தினும் உயர்ந்து நிற்கும். எவரும் குறை கூறார். அளவுச் சிற்றுருவிலோ அச்சலுகை இல்லை. நீளத்தை எத்தனை மடங்கு சுருக்கினோமோ, சக்கரத்தையும் தகட்டையும் அத்தனை மடங்கே சுருக்குதல் வேண்டும்.

இவ்வளவுகள் பிறந்த கதை இரயில்வேக்காரராகிய நமக்குப் பெருமை தருவது. பிரிட்டனில் விளையாட்டு இரயில் செய்தோர், ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற கணக்கில் எஞ்சினைச் சுருக்கிப் பார்த்தனர். அந்நாட்டு எஞ்சின்கள் உருவிற் சிறியன. ஆதலால் அக்காலத்து மின்மோட்டார் அதனுள் அடங்கவில்லை. எனவே அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று சற்றே பெரிதாக்கினர். அதுவே ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு என்னும் அளவு. 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் சர்ச்சில் முதலிய டாங்கிகளைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து விற்றபோது இவ்வளவையே கைக்கொண்டது. ஜப்பானிய நிறுவனமான தமியாவோ, தன் முதல் டாங்கியினுள் பாட்டரிகள் அடங்க வேண்டும் என்று பார்த்து அளவு குறிக்க, அது 35இல் ஒரு பங்காக அமைந்தது. இன்று உலகெங்கும் போர் வண்டிச் சிற்றுரு செய்வோர் மிகுதியாகப் போற்றுவது இந்த 35தான். மோட்டாரும் பாட்டரியும் வகுத்த அளவுகளே இன்று மரபாகிவிட்டன!

நிற்க. சர்ச்சில், மட்டில்டா முதலிய டாங்கிகளைப் பெட்டியில் வாங்கி ஒட்டுவது எளிது. நம் நாட்டுத் தொழிலாளர் கையால் எழுந்த கவச வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே நம் அவா. அதன் வரலாறு இது.

1940ஆம் ஆண்டு டன்கர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, 60,000க்கு மேற்பட்ட வண்டிகளைப் பிரான்சு நாட்டிலேயே விட்டுச் சென்றது. தன் தேவைக்கே வண்டியின்றித் தவித்த பிரிட்டன், இந்தியப் படைக்கு எவ்வாறு அனுப்பும்? இந்தியாவிலோ அன்று மோட்டார் வண்டியை முழுமையாகச் செய்யும் தொழிற்சாலை இல்லை. வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டித் தரும் நிலையங்களே இருந்தன. ஆனால் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையின் எஃகு; மற்றொன்று, இரயில்வே பட்டறைகளின் கைத்திறன்.

கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனத்தின் அடிச்சட்டமும் எஞ்சினும் கப்பலில் வந்தன. டாடா ஆலை குண்டு துளைக்காத எஃகுத் தகட்டை உருக்கித் தந்தது. ஜாம்ஷெட்பூரை அடுத்திருந்த கிழக்கிந்திய இரயில்வேயின் பட்டறையில் தகடுகள் வண்டியின் உடலாயின. இரயில் எஞ்சினுக்குக் கொதிகலன் கட்டப் பழகிய கைகளுக்குத் தகடு வெட்டுவதும் வளைப்பதும் இணைப்பதும் புதிய வித்தைகள் அல்ல. 'இந்திய அமைப்புச் சக்கரக் கவச வண்டி' என்பது ஏட்டுப் பெயர்; சிப்பாய்கள் அதனை 'டாடாநகர்' என்றே அழைத்தனர். 1940 முதல் 1944 வரை 4,600க்கு மேற்பட்டவை உருவாயின. வட ஆப்பிரிக்க மணலிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் அவை ஓடின. 1945இல் அப்பட்டறை டாடா குழுமத்தின் கைக்கு மாறி, டெல்கோ என்னும் நிறுவனமாயிற்று. நம் சாலைகளில் இன்று ஓடும் டாடா லாரிகளின் மூதாதை வீடு அதுவே. அந்நாளில் இரயில்வே அளித்தது உழைப்பு மட்டுமன்று. ஷோரனூர்–நிலம்பூர்த் தண்டவாளமே 1941இல் போருக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1954இல்தான் மீண்டும் முழுமையாக இடப்பட்டது.

இனி நம் முயற்சி. வண்டியின் நீளம் ஏறத்தாழ பதினைந்தரை அடி, அகலம் ஏழரை அடி, உயரம் ஆறரை அடி. அடிக்கு நான்கு மில்லிமீட்டர் எனக் கணக்கிட்டால் 62, 30, 26 மில்லிமீட்டர். தீப்பெட்டியை விடச் சற்றே பெரிது! 14 மில்லிமீட்டர்க் கவசத் தகடோ தபால் அட்டையினும் மெலியதாகிவிடும். சாலைக் கடைத்தெருவில் பசையும் வண்ணமும் வாங்கினோம். பழைய திருமண அழைப்பிதழ்கள் தகடாயின. சட்டைப் பொத்தான்கள் சக்கரமாயின. முதல் வண்டி பிழைபட்டது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக எடுத்த படத்தை அளவுகோலால் அளந்தோம். சாய்ந்த படத்தில் நீளம் குறைந்து தோன்றும் என்பதை மறந்தோம். வண்டி குட்டையாயிற்று. இரண்டாவதை எண்களை மட்டும் நம்பிச் செய்தோம். இரண்டு வாரத்து மாலைப்பொழுதுகள் அதில் கழிந்தன.

வண்ணம் உலரும்போது நம் மகள் ஒரு வினா எழுப்பினாள்: "அப்பா, எந்தப் படை ஓட்டிற்று, எந்தத் துப்பாக்கி வைத்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, செய்தவர் பெயர் ஒன்றுமே இல்லையா?"

நம்மிடம் விடை இல்லை. அப்பொழுது நம் பாட்டனார் நினைவுக்கு வந்தார். போர்க்காலத்தில் வேறோர் இரயில்வே பட்டறையில் ரிவெட்டு அடித்தவர் அவர். அவ்வோசையால் செவிப்புலன் மங்கியது. "சண்டைக் காலத்து வேலை, இராப்பகல் கிடையாது" என்று அடிக்கடி கூறுவார். என்ன வேலை, எதற்கான தகடு என்று நாம் கேட்டதில்லை. உரக்கக் கத்திக் கேட்க வேண்டுமே என்ற சோம்பல்! அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. கவச வண்டியின் நீளத்தை அங்குலக் கணக்காக அறிந்த நாம், நம் பாட்டனார் கைகள் என்ன செய்தன என்பதை அறியோம்.

அன்பர்களே, நாம் பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரம் வந்து குடியேறியவர்கள். நம் வீட்டு முதியோர் பட்டறையிலும் அடுக்களையிலும் தறியிலும் கடைத்தெருவிலும் செய்த வேலைகளை எந்த ஏடும் குறித்து வைக்காது. நாமே கேட்டு எழுதினால்தான் உண்டு. அடுத்த ஆண்டு மலரில் இதற்கென இரண்டு பக்கங்களை ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறோம். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், முதியவர் அருகில் அமர்ந்து, சற்று உரக்கவே கேட்கட்டும்.

வரும் நவராத்திரியிலும் அவ்வண்டி கொலுவில் நிற்கும். அதன் அடியில் அட்டைச் சீட்டு ஒன்றையும் வைப்போம்: 'செய்தவர்கள்: இரயில்வே பட்டறைத் தொழிலாளர்.' பெயர்கள் தெரியாவிடினும், அவ்வளவேனும் நம் கடன் அன்றோ?