கடைசியில் தங்குவது

அரூரில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. 'சார், சென்ட் எப்படிப் பார்த்து வாங்கறது?' என்று கேட்டான். இங்கிலீஷ் இலக்கியம் படித்தவனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தெரிந்ததைச் சொன்னேன். புட்டியை முகர்ந்து முடிவு செய்யக் கூடாது. மணிக்கட்டில் ஒரு துளி வைத்து, தேய்க்காமல், ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். முதலில் எழும் எலுமிச்சையும் மல்லிகையும் போய்விடும். கடைசியில் தோலில் எது தங்குகிறதோ அதற்குத்தான் காசு.

நம்மிடம் அப்படித் தங்கி வந்தது சந்தனம். கன்னோஜில் அத்தர் வடித்தவர்கள் ரோஜாவின் ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் பிடித்தார்கள். பூ நிற்காது, கட்டை நிறுத்தும். சிலப்பதிகாரத்தில் மாதவி குளிக்கும் நீரில் ஊறியவை 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை. இந்த எண்களைச் சொல்லிப் பரவசப்படுவது நம் பண்டிதர்களுக்கு வழக்கம். இவற்றைக் காட்டிலிருந்து சுமந்து வந்தது யார் என்ற கேள்வி நம் ரசனைக்குள் வந்ததே இல்லை.

சந்தன மரத்தை வெட்ட மாட்டார்கள், தோண்டி எடுப்பார்கள். வேரிலும் எண்ணெய் இருக்கிறது. திப்பு 1792-இல் அதை அரச மரமாக்கினார் என்கிறார்கள். (நம்மூர்ப் பிள்ளையார் உட்காரும் அரசமரம் அல்ல.) முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப முடியாமல் போகவே, 1916-இல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. ராஜா போனார், சர்க்கார் வந்தது. பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்காருடையதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் அது தளர்ந்தது 2002-இல்.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1992 ஜூன் 20-இல், கடத்தல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆண்களும் பெண்களும் அடிக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். தர்மபுரி கோர்ட் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மணத்தின் சரித்திரம் எழுதுகிறவன் ஓமாலிகையோடு நின்றுவிட முடியாது என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் கவுண்டருக்கு மேலாக மணிக்கட்டை நீட்டினான். சந்தனம், அல்லது சந்தனம் மாதிரி ஏதோ ரசாயனம். மத்தியானம் வரை இருந்தது. நல்ல சரக்குதான் என்றேன்.