கிட்வாய் நகருக்கு எதிரே பிறந்த மருந்து

டில்லியின் ரிங் ரோடும் அரவிந்தர் மார்க்கமும் சந்திக்கின்ற இடத்தில், சாலையின் வடபுறம் கிட்வாய் நகரும் தென்புறம் எய்ம்ஸ் என்று ஊரறிந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் நேருக்கு நேர் அமைந்திருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் தலைநகரில் பெருகிய மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு கிட்வாய் நகர்; முதலில் தபால் தந்தி இலாகாவையும், பின்னர் உணவு இலாகாவையும் நிர்வகித்து, 1954-இல் மந்திரிப் பதவியில் இருக்கும்போதே காலமான ரஃபி அகமது கிட்வாயின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி அந்நியமானதன்று. அண்டையிலுள்ள லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உண்டு, கூப்பிடு தூரத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கிடைக்கும். பழைய குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டு, கிழக்குக் கிட்வாய் நகரில் இன்று அடுக்குமாடிகள் உயர்ந்துவிட்டன. ஆயினும் இப்பகுதியின் சரித்திரத்தில் மிகுந்த பெருமைக்குரியது, சாலைக்கு எதிர்ப்புறத்தில், பச்சிளம் சிசுக்களைப் பராமரிக்கும் ஓர் அறையில் நிகழ்ந்தது என்பதே என் எண்ணம்.

அதைச் சொல்லுமுன், சர்வகலாசாலைகளில் பிறந்த ஞானம் இந்நாட்டில் தொழிலாக மாறிய பழைய வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த காலத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்று அவரை நாடி வந்தது. கிணற்றில் செலுத்தும் சேறு உப்புநீர் பட்டவுடன் இறுகிப்போய்த் துளையிடும் வேலை நின்றுவிடுகிறது என்பது அவர்களுடைய சங்கடம். பட்நாகர் நம் நாட்டுப் பிசின் ஒன்றைச் சேற்றில் கலந்து அதை இளக்கிக் காட்டினார். நன்றிக்கடனாகக் கம்பெனி அளிக்க முன்வந்த ஒன்றரை லட்ச ரூபாயைத் தமக்கென்று கொள்ளாமல், பெட்ரோலிய ஆராய்ச்சிக்காகச் சர்வகலாசாலையிடமே சேர்ப்பித்தார். பிற்காலத்தில் அவர் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையை ஏற்றிருந்தபோது, ஆய்வுக்கூடங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழிலதிபர்களிடம் ஒப்படைப்பதற்கென்றே தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கார்ப்பொரேஷன் 1953-இல் தோன்றியது. 1992-இல் டில்லி ஐ.ஐ.டி.யும் இதே நோக்கத்துடன் தனக்கென ஓர் அமைப்பை நிறுவிக்கொண்டது. எனினும் கண்டுபிடிப்புகள் பல, ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட வழியிலேயே தங்கிவிட்டன.

இனி அந்தச் சிசு அறைக்கு வருவோம். 1956-இல் பார்லிமெண்டின் சட்டத்தால் அமைந்து, சர்வகலாசாலையைப்போல் பட்டம் வழங்கும் உரிமையும் பெற்ற எய்ம்ஸில், குழந்தை மருத்துவரான மகராஜ் கிஷன் பானும் அவருடைய சகாக்களும் 1985-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்கினால் வாட்டி, நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்களை ஆண்டுதோறும் கொள்ளைகொண்டுவந்த ரோட்டா வைரஸ், அந்த அறையில் பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களின் மலத்தில் தென்பட்டது. ஆனால் அச்சிசுக்களோ நோயின் அறிகுறி ஏதுமின்றிப் பால் குடித்து உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தொடர்ந்து கவனித்து வந்ததில், பிறந்தவுடன் இக்கிருமிக்கு ஆளான குழந்தைகளை ரோட்டா வயிற்றுப்போக்கு பிற்பாடு அவ்வளவாக அண்டவில்லை என்பது தெரிந்தது. 1993-இல் அந்த முடிவு பிரசுரமாயிற்று. 116ஈ என்று இலக்கமிடப்பட்ட அந்த வைரஸைக் கூர்ந்து பரிசோதித்தபோது, அதன் பரம்பரைக் கூறுகளாகிய 11 துண்டுகளில் பத்து மனிதரைப் பற்றும் வைரஸுக்கு உரியனவென்றும், எஞ்சிய ஒன்று மாட்டைப் பற்றும் வைரஸிலிருந்து வந்து கலந்ததென்றும் புலப்பட்டது. மனித முயற்சி ஏதுமின்றி, வலுக்குன்றிய தடுப்பு மருந்தொன்றை இயற்கையே ஆக்கி வைத்திருந்தது.

கண்டறிந்தது ஒரு முகூர்த்தம். அதைக் குழந்தையின் நாவில் சொட்டாக இடுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1987-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்கத் தடுப்பு மருந்து ஒப்பந்தத்தின் நிழலில் அந்த வைரஸ் கடல் கடந்து சென்று ஆராயப்பட்டது. ரோஜர் கிளாஸ் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் பல்லாண்டு தோள்கொடுத்தார்கள். 1999-இல் அமெரிக்காவின் முதல் ரோட்டா தடுப்பு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகலை உண்டாக்கியதால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, இத்துறையில் இறங்கிய யாவரும் முன்னினும் பெரிய பரிசோதனைகளுக்குத் தயாராக வேண்டியதாயிற்று. 1996-இல் ஹைதராபாத்தில் தோன்றிய பாரத் பயோடெக் உற்பத்திப் பொறுப்பை ஏற்றது. அதன் ஸ்தாபகர் கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய சர்க்காரின் பயோடெக்னாலஜி இலாகாவும், வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனங்களும், கம்பெனியும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இறுதிக் கட்டப் பரிசோதனை டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடையே நடைபெற்றது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஆற்றிய தொண்டினால், தமிழகத்துத் தாய்மார்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் இச்சரித்திரத்தில் பங்கு உண்டு. முதல் வயதுக்குள் கடும் நோயைச் சுமார் 56 சதவீதம் தடுக்கிறது என்ற முடிவு 2013-இல் வெளியாயிற்று. 2014-இல் அனுமதி கிடைத்தது. 2016-இல் ஆந்திரம், ஹரியாணா, ஹிமாசலம், ஒடிஷா ஆகிய நான்கு ராஜ்யங்களில் சர்க்காரின் தடுப்பூசித் திட்டத்தில் இம்மருந்து இடம்பெற்றது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வாயில் விடப்படும் சில சொட்டுகள். தடவைக்கு அரை மில்லிலிட்டர். அப்போது அறிவிக்கப்பட்ட விலை ஒரு டாலர்.

அந்த ஒரு டாலரில்தான் இவ்வரலாற்றின் சாரம் அடங்கியிருக்கிறது. பணமும் பரிசோதனைக் களமும் பொதுமக்களின் பெயரால் கிடைத்தமையால், மருந்து ஏழைக் குழந்தைக்கு எட்டும் விலையில் விற்கப்பட வேண்டும் என்ற கடப்பாட்டைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதன் பயனாகவே சர்க்காரால் அதைக் கோடிக்கணக்கில் வாங்கி வழங்க முடிகிறது. அமெரிக்காவில் 1980-இல் நிறைவேறிய பே-டோல் சட்டம், சர்க்கார் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பின் உரிமையைச் சர்வகலாசாலைகளே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அதையொட்டி நம் நாட்டில் 2008-இல் ராஜ்ய சபையில் கொணரப்பட்ட மசோதா பலத்த விவாதத்துக்குப் பின் 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. உரிமை யாருக்கு என்று நாம் வாதாடிய அளவுக்கு, கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் நடுவேயுள்ள நெடும் பாதையை யார் பராமரிப்பது என்று சிந்திக்கவில்லை என்பதே என் குறை. களத்தில் குவிந்த நெல் வீடு வந்து சேர வண்டியும் வேண்டும், வழியும் வேண்டும், வழிநெடுகத் துணைக்கு ஆளும் வேண்டும்.

இவ்வுண்மையைத் தம் அனுபவத்தாலேயே உணர்ந்தவர் பான். 2004 முதல் 2012 வரை பயோடெக்னாலஜி இலாகாவின் செயலாளராக இருந்த அவர், தம்மைப்போல் இன்னொருவர் பல்லாண்டு காத்திருக்கலாகாது என்ற கருத்தோடு, ஆராய்ச்சியாளர்களுக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் இந்த இடைவழியில் பொருளுதவி செய்ய பைராக் என்னும் கவுன்சில் 2012-இல் உருவாகக் காரணமாயிருந்தார். 2020-ஆம் ஆண்டின் குடியரசு தினத்தன்று அவர் மறைந்தார்.

ஆகவே, நம் சர்வகலாசாலைகள் தங்கள் ஆராய்ச்சியை உலகத்துக்குப் பயன்பட வழங்க விரும்பினால், காப்புரிமைப் பத்திரங்களின் எண்ணிக்கையைக் கண்டு மனநிறைவு கொள்வது போதாது. முதல் மாதிரியை உருவாக்கிச் சோதித்துப் பார்க்கும் செலவுக்கு நிதி ஒதுக்க வேண்டும். ஆய்வாளரின் மொழியும் ஆலையின் கணக்கும் ஒருங்கே அறிந்தவர்களைப் பதவி உயர்வுக்கு வழியுள்ள நிரந்தர ஊழியராக நியமிக்க வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்த பொருளின் விலைக்கும் விநியோகத்துக்கும் உரிய நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் முதல் ஏட்டிலேயே எழுதிவிட வேண்டும். பல்லாண்டு ஒரே காரியத்தில் நிலைத்து நிற்கும் பேராசிரியருக்கு, கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடாமல், மரியாதையும் அவகாசமும் அளிக்க வேண்டும். ரிங் ரோட்டைக் கடந்து நோயாளிக் குழந்தையைத் தோளில் சுமந்து எய்ம்ஸின் வாயிலுக்கு வரும் தாய், அங்கே நிகழும் ஆராய்ச்சிக்குத் தன் வரிப்பணத்தையும், சில சமயம் தன் சிசுவையுமே நம்பிக் கொடுத்திருக்கிறாள்; அவளுக்குத் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகக் கருதிச் செய்யும்போதுதான் சர்வகலாசாலையின் வியாபாரம் தர்மத்தோடு கூடியதாகும்.