24-ஆ, 30-ஆ? டிஜிட்டல் டெலிபோன் லைனின் கதை

அமெரிக்கப் பாடப்புத்தகத்தைத் திறந்தால், ஒரு டிஜிட்டல் லைனில் 24 பேச்சு என்று போட்டிருக்கும். நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் கேட்டால் 30 என்பார்கள். நம் கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டும் சரிதான். ஆனால் 24-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதலில் கணக்கு. பேசுவது புரிய, குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். அதை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் 64,000 பிட். இந்த யோசனை பாரிஸில் ஐ.டி.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு 1930-களிலேயே வந்துவிட்டது. வால்வு காலமாச்சே, யாரால் செய்ய முடியும்? டிரான்சிஸ்டர் மலிவாகும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1962-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஏற்கெனவே பூமிக்கடியில் கிடக்கும் செம்புக் கம்பியிலேயே ஓட்ட வேண்டும், புதிதாகத் தெருவைத் தோண்டக்கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தக் கம்பிகளில் 6000 அடிக்கு ஒரு லோடிங் காயில், அதற்கொரு மேன்ஹோல். காயிலைக் கழற்றிவிட்டு, சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டரை அங்கேயே வைத்தார்கள். அந்தத் தூரத்துக்குக் கம்பி தாங்கிய வேகம் சுமார் 15 லட்சம் பிட். 24 பேச்சுக்கு 192 பிட், வரிசை தப்பாமல் இருக்க ஒரு பிட், ஆக 193. நொடிக்கு 8000 தடவை என்றால் 15,44,000. 24 என்பது மேன்ஹோல் கொடுத்த எண் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சரி, போனை எடுத்தாரா, வைத்தாரா என்ற சேதி எப்படிப் போகும்? தனி இடம் ஒதுக்கவில்லை. முதலில் ஒவ்வொரு 8 பிட்டிலும் ஒன்றை அதற்கு எடுத்தார்கள். பிறகு, ஆறு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் பேச்சின் கடைசி பிட்டை உருவிக்கொண்டார்கள். பெயரே 'ராப்டு பிட்'! காதுக்கு இது தெரியாது. கம்ப்யூட்டருக்கோ ஒரு பிட் மாறினால் எண்ணே மாறிவிடும். எந்தச் சுற்றில் பறிபோகும் என்று நிச்சயமில்லை. அதனால் டேட்டா அனுப்புகிறவர்கள் கடைசி பிட்டையே நம்பாமல் ஒதுக்கினார்கள். 64 ஆயிரம் 56 ஆயிரமாயிற்று. பெல் எஞ்சினியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்த வேலை பேச்சு; அதை அருமையாகச் செய்தார்கள்.

பின்னால் வந்த ஐரோப்பியர்கள் 32 பெட்டி ரயிலாகத் திட்டமிட்டார்கள். 0-ம் பெட்டி கார்டு வேன் மாதிரி, வரிசை பார்க்க. 16-ம் பெட்டி சிக்னலுக்கு. மீதி 30-ம் பயணிகளுக்கு. மொத்தம் 20,48,000 பிட். இந்தியா எடுத்துக்கொண்டது இதைத்தான். நம் டெலிகாம்காரர்கள் வாயில் இது 'டூ எம்பி'.

பிறகு ஐ.எஸ்.டி.என். வந்தது, சிக்னலுக்குத் தனிப்பாதை வேண்டும் என்றது. அமெரிக்காவில் 24-ல் ஒன்றை விட்டுக்கொடுத்து 23 ஆக்கினார்கள். நமக்கு 30 அப்படியே நின்றது.

இன்று பேச்சு இன்டர்நெட் பாக்கெட்டாகப் போகிறது. இருந்தாலும், லேபில் ஐ.பி. போன் இருந்தால் அதன் செட்டிங்கைப் பாருங்கள். ஜி.711 என்று இருக்கும். அதே 8000, அதே 8 பிட். அதிலும் அமெரிக்காவுக்கு மியூ-லா, நமக்கு ஏ-லா.